காவிரியில் பாலம் எழுவதை மேலிருந்து பதிவு செய்ய ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் காவிரிக்குக் குறுக்கே, 1976-இல் திறந்த பாலத்தை ஒட்டியே இன்னொரு பாலம் கட்டுகிறார்கள். சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலை போகிற எல்லோரும் தினமும் பார்க்கிற வேலைதான். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்ப்பதும் 150 அடி உயரத்திலிருந்து இரண்டு கரையையும் சேர்த்துப் பார்ப்பதும் ஒன்றில்லை. எந்தத் தூண் எங்கே வருகிறது, எந்திரங்கள் போவதற்காக ஆற்றுக்குள் மண் கொட்டிப் போடும் பாதை தண்ணீரின் வழியை எவ்வளவு மறிக்கிறது, புதுப் பாலத்தில் ஏறும் வண்டிகள் இரண்டு முனையிலும் எந்தச் சந்திப்பில் போய் முட்டும் என்பதெல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். சின்ன ட்ரோனை வைத்துப் பொழுதுபோக்காகப் படமெடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைச் செய்ய முறையான ஒரு வழியை மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலைத் துறையும் ஏற்படுத்தித் தர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2022 கடைசியில் பழைய பாலத்தைப் பழுதுபார்க்க மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மாதக்கணக்கில் பைபாஸைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பேரிங் மாற்றுகிறார்கள், இணைப்புகளை மாற்றுகிறார்கள் என்று பேப்பரில் படித்தோம், ஆனால் பேரிங் இருப்பது பாலத்தின் தளத்துக்குக் கீழே, தூணின் தலையில், கரையில் நிற்பவனுக்கு அது தெரியாது. அதனால் "ஆளே இல்லையே, சும்மா மூடி வைத்திருக்கிறார்களே" என்ற பேச்சுதான் டீக்கடையெல்லாம் ஓடியது. வேலை செய்த தொழிலாளர்களுக்கு அது நியாயமான பேச்சு இல்லை. வாரம் ஒருமுறை பக்கவாட்டிலிருந்து இரண்டு நிமிட வீடியோ வந்திருந்தால் அந்தச் சந்தேகம் பாதி அடங்கியிருக்கும்.

அதைவிட எனக்குப் பெரிய வருத்தம் கொள்ளிடம் இரும்புப் பாலம். 1928-இல் கட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன, அப்புறம் பாலத்தையே பிரித்து எடுத்துவிட்டார்கள். தொண்ணூறு வருஷம் நின்ற பாலம் அது. சரிந்த பிறகு எடுத்த படங்கள் எங்கும் கிடைக்கின்றன, ஆனால் சரிவதற்கு முந்தைய வருஷங்களில் அந்தத் தூண்களைச் சுற்றி மணல் எப்படி இறங்கிக்கொண்டே போனது என்று வருஷவாரியாக மேலிருந்து எடுத்த ஒரு வரிசை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. அதே மாதத்தில்தான் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய அணை. அங்கேயும் உடைந்த பிறகுதான் எல்லோரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடைந்ததைப் படமெடுப்பது செய்தி, அது தேவைதான். ஆனால் ஒரு கட்டுமானம் நல்லபடியாக நிற்கும்போது மாதாமாதம் ஒரே இடத்திலிருந்து எடுத்து வைத்த படம்தான் பின்னாடி பொறியாளருக்கும் பயன்படும், ஊர்க்காரனுக்கும் பயன்படும்.

இந்த 'ஒரே இடத்திலிருந்து' என்பதுதான் வேலையே. சும்மா ட்ரோனை மேலே அனுப்பி ஒரு சுற்று சுற்றிவிட்டு, பாட்டுப் போட்டுப் பதிவேற்றினால் அது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அதே புள்ளி, அதே உயரம், கேமரா அதே சாய்வு, முடிந்தால் அதே நேரம். காலை ஏழு மணி வெயிலில் தூணின் நிழல் மேற்கே நீண்டு விழும், மாலையில் கிழக்கே விழும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இல்லாத வித்தியாசமெல்லாம் இருப்பது போலத் தெரியும். ஆறும் ஒரே மாதிரி இருக்காது. பங்குனி, சித்திரையில் பாலத்தடியில் மணல்தான் பெரும்பகுதி, நடுவில் ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் அதே இடம் கரையிலிருந்து கரை வரை நிறைந்துவிடும். ஆற்றுக்குள் செய்ய வேண்டிய அடித்தள வேலையெல்லாம் தண்ணீர் இல்லாத அந்தச் சில மாதங்களில்தான் வேகமாக நடக்க முடியும், அதனால் பாலம் ஏன் இத்தனை காலம் எடுக்கிறது என்ற கேள்விக்கு ஒரு வருஷத்துப் படங்களை வரிசையாகப் போட்டாலே பதில் கிடைத்துவிடும். ஆடிக் காற்று இன்னொரு விஷயம். 250 கிராம்கூட இல்லாத ட்ரோன் காற்றோடு போகும்போது சுகமாகப் போய்விடும், எதிர்த்துத் திரும்பி வரும்போதுதான் பேட்டரி மளமளவென்று இறங்கும். ஆடியில் நாங்கள் பெரும்பாலும் பறக்க விடுவதே இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2021 ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. பச்சையில் 400 அடி வரை பறக்கத் தனி அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட ஏற்றக் கூடாது. 8-இலிருந்து 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே பச்சை, அதற்கு மேலே மஞ்சள். சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இருந்தால்தான். 250 கிராம் வரையிலான ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம், 2 கிலோ வரைக்கும்கூட வணிக நோக்கம் இல்லையென்றால் வேண்டாம். பதிவு எண் மட்டும் கட்டாயம்.

இதைத் திருச்சி வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மலைக்கோட்டை விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் வருகிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் அந்தக் கோட்டுக்கு வெளியே, 12-க்குள் வருகிறது. அங்கே அனுமதியில்லாமல் பறக்கலாம் என்கிற உயரம் 200 அடி, கோபுரமோ 236 அடி. அப்போது கோபுர உச்சிக்கு நேராக நின்று படமெடுப்பதே, கோயில் நிர்வாகத்தின் அனுமதி ஒரு பக்கம் இருக்க, மஞ்சள் வானத்தில்தான். அந்த 8 கிலோமீட்டர் கோடு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ போகிறது, காவிரிப் பாலமும் இரண்டுக்கும் நடுவேதான் இருக்கிறது! பாலத்தின் எந்த முனையில் நின்றால் எந்த விதி என்று படித்தவர்களே தடுமாறுகிறோம். மத்திய அரசின் இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படித்துறை, தெரு, பாலம் என்று ஊர்க்காரன் அறிந்த பெயர்களோடு, தமிழில், மாவட்ட அளவில் ஒரே ஒரு பக்கம் போட்டால் போதும். நல்லெண்ணத்தோடு வரும் இளைஞன் ஒருவனும் தெரியாமல் மாட்ட மாட்டான்.

விதி தெரிந்து, பதிவு எண் வாங்கி, பச்சை எல்லைக்குள் நின்றாலும் பிரச்சினை தீர்வதில்லை. மாவட்டத்தில் வேறொரு பாலப் பணி நடக்கும் இடத்தில், வேலி எல்லைக்கு வெளியே பொதுச் சாலையோரம் நின்றுகொண்டிருந்த என்னையும் நண்பரையும் ஒரு மேற்பார்வையாளர் வந்து தடுத்தார். பதிவு எண்ணைக் காட்டினோம், விதியைக் காட்டினோம். "எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி, வீடியோவை அழிச்சிட்டுக் கிளம்புங்க" என்றார். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. மே 2025-இல் எல்லையில் சண்டை நடந்தபோது ட்ரோன் என்ற பேரைக் கேட்டாலே எல்லோருக்கும் பதற்றமாக இருந்தது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பிரதமர் 2024 ஜனவரியில் ஸ்ரீரங்கம் வந்தது போன்ற நேரங்களில் ட்ரோன் கூடவே கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலையில், பொதுப் பணத்தில் கட்டும் பாலத்தை, சட்டம் அனுமதிக்கிற உயரத்தில் படமெடுப்பவனைத் திருடனைப் போல விரட்டுவது சரியில்லை.

எங்கள் பக்கமும் பேச வேண்டியது இருக்கிறது. அம்மா மண்டபத்திலும் ஓடத்துறையிலும் காலை நேரத்தில் பெண்கள் குளிக்கிறார்கள், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. கரையில் ஓயாமாரி சுடுகாடு இருக்கிறது. ஒரு குடும்பம் தகப்பனுக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே ஒன்று ரீங்கரித்துக்கொண்டு நின்றால் அது எவ்வளவு பெரிய அவமரியாதை! சாயங்காலம் காற்று வாங்கப் பாலத்து நடைபாதையில் பாதி ஊர் நிற்கும். 250 கிராம்தானே என்பார்கள், 200 அடியிலிருந்து பைக்கில் போகிறவர் முகத்தில் விழுந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் மேலே போகக் கூடாது, மணல் பக்கமாகவே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நிற்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று ட்ரோன் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பருந்து வட்டமிட்டால் உடனே இறக்கிவிட வேண்டும். பாதி உடைந்த இறக்கையோடு ஒரு பறவை கிடப்பதைவிட நம் வீடியோ ஒன்றும் பெரிதில்லை.

பதிவு எண்ணே இல்லாமல் பறக்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, பொழுதுபோக்குக்காக வாங்க நினைப்பவனுக்குக் கடையில் முறையாகக் கிடைப்பது குறைந்துவிட்டது, மறைமுகமாக வருவதை வாங்கிவிடுகிறான். நான் அதை ஆதரிக்கவில்லை. முறையாகச் செய்பவனுக்கு ஒரு வாசல் திறந்திருந்தால் மற்றவர்களும் அந்தப் பக்கம் வர வாய்ப்பு உண்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி அடி என்றால் பதிவு செய்வதில் யாருக்கு அக்கறை வரும்?

அதனால் நான் கேட்பது இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை, பதிவு எண் உள்ளவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து, ஒருவர் பின் ஒருவராக, பணியிடப் பொறியாளருக்குத் தெரிந்தே படமெடுக்க அனுமதியுங்கள். காவல் நிலையத்துக்கும் பட்டியல் போகட்டும். மஞ்சள் எல்லைக்குள் வருகிற இடம் என்றால் விமான நிலைய அனுமதியைத் தனித்தனியாக நாங்கள் அலைந்து வாங்குவதைவிட, அந்த இரண்டு மணி நேரத்துக்கு நிர்வாகமே சேர்த்துக் கேட்டுத் தரலாம். எடுத்த படத்தின் முழுப் பிரதியை வெட்டாமல், ஒட்டாமல் துறைக்குக் கொடுத்துவிடுகிறோம், காசு வேண்டாம். பாதுகாப்புக் கருதி எந்தப் பகுதி வெளியே போகக் கூடாது என்கிறார்களோ அதை வெளியிட மாட்டோம். பணியிடத்தில் வைக்கிற அறிவிப்புப் பலகையில் மதிப்பீடு, ஒப்பந்ததாரர், கால அளவு எல்லாம் எழுதுகிறார்களே, அதன் கீழே ட்ரோன் படத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அந்த மேற்பார்வையாளருக்கும் எனக்கும் நடந்தது இன்னொருவருக்கு நடக்காது.

காவிரிப் பாலத்தில் தொடங்கினால் மற்ற இடங்களுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். பஞ்சப்பூர் பேருந்து முனையம் 2025 மே மாதம் திறந்தாகிவிட்டது, அதைச் சுற்றி இன்னும் எத்தனையோ வேலை நடக்கிறது. ஜங்ஷன் மேம்பாலத்தின் ஒரு கை ராணுவ நிலம் கிடைக்காமல் பல வருஷம் அந்தரத்தில் நின்றதே, அது மேலிருந்து பார்க்க எப்படி இருந்தது என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒரு நல்ல படம் இல்லை. கோட்டை ஸ்டேஷன் பக்கத்து மேம்பாலத்துக்கு ரயில்வேயிடமும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும், அது பெரிய வேலை, முதலில் ஆற்றுப் பாலம் நடக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அப்படி அனுமதி கிடைத்தால், மாதம் ஒரு படம், அதே கோணத்தில், திருச்சிப் பதிப்பில் ஒரு மூலையில் தேதியோடு போடுங்கள். படம் எடுத்தவர் பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உறையூர், திருச்சி.