ஒன்பது டிராகன்களும் தாளில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனாவின் பட்டோவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. அதற்குப் போட்ட படம்தான் உறுத்துகிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும், சீன ஓவியர் சென் ரோங்கின் 'ஒன்பது டிராகன்கள்' சுருள் ஓவியத்திலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டியெடுத்து, 'பட்டில் தீட்டிய டிராகன்' என்று கீழே குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். 1244-இல் வரைந்த அந்தச் சுருள் பட்டு அல்ல, தாள். கறுப்பு மை, அங்கங்கே துளி சிவப்பு, அவ்வளவுதான். 2017-இல் நியூயார்க்கில் கிட்டத்தட்ட 4.9 கோடி டாலருக்கு ஏலம் போனதாகக் கட்டுரை வியக்கும் 'ஆறு டிராகன்கள்' சுருளும் தாள்தான்.

ஒரு வரித் திருத்தம் போட்டு இதை முடித்துவிட வேண்டாம். பட்டில் நுணுக்கமாக வரைய வேண்டுமென்றால் முதலில் வச்சிரப் பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசுவார்கள். அப்போதுதான் மை பரவாமல் நிற்கும். செதில் செதிலாகக் கோடு இழுத்து, மேலே வண்ணம் ஏற்றலாம். சென் ரோங்கின் வழி வேறு. மையைக் கொட்டி மேகமாக்குவார், வாயிலிருந்து தண்ணீரை ஊதி மூடுபனியாக்குவார், குடித்துவிட்டுக் கத்திக்கொண்டே தலைத்துணியைக் கழற்றி மையில் தோய்த்து இஷ்டத்துக்குத் தேய்ப்பார், தூரிகையை எடுப்பது அப்புறம்தான் என்று பழைய சீன ஓவிய நூல்கள் சொல்கின்றன. (இத்தனைக்கும் மனிதர் 1235-இல் அரசுத் தேர்வில் தேறிய அதிகாரி!) கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அந்த மேகங்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. இந்த விளையாட்டுக்கு மையை உறிஞ்சும் தாள்தான் தோது.

தலையை மட்டும் வெட்டிப் போட்டதில் போனதும் அந்த மேகம்தான். சீன டிராகன் மழைக்கு அதிபதி என்று கட்டுரையாளரே எழுதுகிறார். அப்படியென்றால் மேகமும் சுழிக்கும் நீரும் வெறும் பின்னணியா? சுமார் அரை மீட்டர் உயரமும் பத்து மீட்டர் அளவுக்கு நீளமும் உள்ள சுருள் அது. மேசையில் வைத்து, வலமிருந்து இடமாக, இரு கை விரியும் அளவுக்குத் திறந்து பார்த்து, பார்த்ததைச் சுருட்டிக்கொண்டே நகர வேண்டும். ஒரு நகம் தெரியும், உடம்பு புகையில் மறையும், கொஞ்ச தூரம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று இன்னொரு முகம் வரும். தலையை மட்டும் பார்க்கிறவருக்கு அது காலண்டர் படம்தான்.

பட்டில் வரைந்த டிராகன்தான் வேண்டுமென்றால் பஞ்சமே இல்லை. சாங்ஷா நகரில் 1973-இல் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த சிறிய பட்டோவியத்தில், வாள் ஏந்திய ஒருவர் படகுபோல் வளைந்த டிராகன்மேல் நின்று போகிறார். வயது இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல். அதே ஊரின் மாவாங்துய் கல்லறையில் 1972-இல் கிடைத்த இரண்டு மீட்டர் நீளப் பட்டுத்திரையிலும் இரண்டு டிராகன்கள் ஒரு பச்சைக்கல் வளையத்துக்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. கட்டுரைக்கு இவைதான் பொருத்தம்.

சென் ரோங்கின் சுருளைத் தனியாக, நடுப்பக்கங்களில் முழுதாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து பட்டைகளாக அடுக்கலாம். ஒவ்வொரு பட்டையையும் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்