தலைகீழ் 'ஈ' தட்டிக் கொடுத்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

ஓய்வு பெறும் விழாவில் பேசச் சொன்னார்கள், தொண்டை அடைத்துக்கொண்டது, பாதிப் பேரை விட்டுவிட்டேன். சால்வைக்கு நன்றி, சரி. ஆனால் 1991-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்ததிலிருந்து இந்த 33 வருடத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தவர்களில் பலர் அந்த அரங்கத்தில் இல்லை. அவர்களுக்குத்தான் இது.

முதலில் டவுன்ஹால் ரோடு பக்கம் ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்த அக்கா. என் ஆய்வு, தமிழ் மாணவர்களின் ஆங்கில உச்சரிப்பைப் பற்றியது. 'அபவுட்' என்று சொல்லத் தொடங்கும்போது ஆங்கிலேயர் வாயைத் திறந்தும் திறக்காமலும் ஓர் ஒலி விடுவார்கள். நாம் அந்த இடத்தில் நல்ல கனமான 'அ' போடுவோம். அந்த ஒலிக்கு ஷ்வா என்று பெயர், எழுதுவது ஆங்கிலச் சின்ன 'ஈ'-யை (e) தலைகீழாகப் போட்ட மாதிரி. டைப்ரைட்டரில் அதற்கு ஏது கட்டை? இடம் விட்டு அடியுங்கள், பேனாவில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அக்கா பக்கம் முழுக்க அடித்து முடித்து, கார்பன் நகராமல் தாள்களை மொத்தமாக உருவி, தலைகீழாக மாட்டி, விட்ட இடத்தில் எல்லாம் 'ஈ' தட்டிக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிறகு ஓர் அலுவலகத்தில் என் பிரதி ஒன்று காணாமல் போய், யாரும் பொறுப்பேற்காமல் நான் அலைந்தபோது, கார்பன் பிரதியைப் பார்த்து மறுபடி முழுசும் அடித்துக் கொடுத்து, பாதிக் காசுதான் வாங்கினார்கள். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. அக்கா எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் ஹைதராபாத் சீஃபெல், ஆங்கிலமும் அயல்மொழிகளும் கற்பிக்கும் மத்திய நிறுவனம். 1958-இல் தொடங்கியது, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாகி இன்று இஃப்ளூ என்று பெயர். நான் அங்கே பட்டயம் படித்த வருடம் எனக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. என் குரலையே டேப்பில் போட்டுக் கேட்டு வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ள, மாலையில் ஒலிக்கூடத்தைப் பூட்டாமல் எனக்காக உட்கார்ந்திருந்த உதவியாளருக்கு நன்றி. அவர் பேசிய ஆங்கிலம் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும், நான் பேசியதும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

மாணவர்களில் ஒருவன். ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் பிரிந்துபோகும் காதலர்களைக் கவராயத்தின் இரண்டு கால்களுக்கு ஒப்பிடும் கவிதையை நான் நாலைந்து வருடமாக ஒரே மாதிரி நடத்திக்கொண்டிருந்தேன், ஒரு கால் நிற்கும், ஒரு கால் சுற்றும், அவ்வளவுதான். உசிலம்பட்டிப் பக்கத்துத் தச்சர் மகன் எழுந்து, "சார், நிற்கிற காலும் சும்மா நிற்காது, மற்றது தள்ளிப்போகப் போக அதுவும் அந்தப் பக்கமே சாயும்" என்றான். கவிதையிலேயே அது இருக்கிறது! நான்தான் கவராயத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நடத்தியிருக்கிறேன். அன்றிலிருந்து டன் வகுப்புக்கு ஜாமெட்ரி பாக்ஸோடுதான் போனேன்.

பெரியார் நிலையத்திலிருந்து பல்கலை நகர் வரை எனக்கு இடம் பிடித்துவைத்த சக பயணிகள், சனி ஞாயிறு தொடர்பு வகுப்புகளுக்கு டீயும் சாக்பீஸும் தட்டாமல் கொண்டுவந்த அட்டெண்டர் அண்ணன், பக்கத்து அறைத் தமிழ்ப் பேராசிரியர், எல்லோருக்கும் நன்றி. வீட்டம்மாவுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன், "இத்தனை வருடம் கழித்தா?" என்று கேட்டாள்.

கடைசியாக ஒன்று. என்னிடம் புத்தகம் இரவல் வாங்கியவர்கள் திருப்பித் தர வேண்டாம். ஆனால் அறையைக் காலி செய்தபோது பீரோவில் என்னுடையது அல்லாத 11 புத்தகங்கள் கிடைத்தன. ஒன்றில் 47-ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. யாருடையது என்று சொன்னால் டிக்கெட்டோடு கொடுத்துவிடுகிறேன்.