தடாகம் பள்ளங்களுக்கு சுவர் கட்ட வேண்டாம்ங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. நான் கோயம்புத்தூர் தடாகம் பக்கத்துல வெவசாயம் பாக்குறவன். மழை வந்தா ரோட்டுல தண்ணி நிக்குது, பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டீட்டா சரியாப்போயிரும்னு எங்க ஊர்ல நெறையப் பேரு பேசறாங்க, அதக் கேட்டதுல இருந்து மனசே ஆறல, அதான் எழுதறேன்.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், எங்க பக்கம் பள்ளம்னா காட்டோடை. ஆனைகட்டி மலைப்பக்கம் இருந்து எறங்கற சின்னச் சின்னப் பள்ளமெல்லாம் சேந்துதான் கணுவாய் தாண்டி சங்கனூர் பள்ளமா சிட்டிக்குள்ள போயி சிங்காநல்லூர் குளத்துல விழுகுது. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஐப்பசி மழைக்கு பள்ளம் கரை தாண்டி எங்க சோளக்காட்டுல ரெண்டு நாள் நிக்கும், எங்க அப்பாரு பதறவே மாட்டாரு, காசில்லாம எரு வருதுடாம்பாரு. தண்ணி வடிஞ்சா வெரக்கட கனத்துக்கு வண்டல் படிஞ்சு கெடக்கும், நாலஞ்சு நாள் கழிச்சு கெணத்த எட்டிப் பாத்தா ரெண்டு மூணு படி முழுகியிருக்கும். கரையோரப் புங்கனும் நாணலும் மண்ண அரிக்காம புடிச்சு வெச்சிருக்கும். ராத்திரில யானையும் அந்தப் பள்ளத்து வழியாத்தான் போகும்.

அப்பறம் செங்கச்சூளைக்கு செம்மண்ணு தோண்ட ஆரம்பிச்சு பள்ளத்தோர நெலமெல்லாம் பாதாளமாயிருச்சு, சில எடத்துல பள்ளத்தையே மண்ணக் கொட்டி மேவி லாரிக்கு வழி போட்டாங்க. 2021ல சூளைகள மூடுனாங்க, நல்ல காரியம், ஆனா குழியெல்லாம் அப்படியேதான் கெடக்குது, மழைத்தண்ணி அதுக்குள்ள விழுந்து நின்னுக்குது, பள்ளத்து வழியா கீழ போறதில்ல.

இந்த நெலமைல சுவரும் கட்டுனா தண்ணி பரவ எடமில்லாம வேகம் புடிச்சு ஓடும், பூமிக்குள்ள எறங்க நேரமே இருக்காது, எங்க காட்டுல நிக்க வேண்டிய வெள்ளம் மொத்தமும் கீழ சங்கனூர் பள்ளத்தோரம் இருக்கறவங்க வீட்டுக்குள்ளதான் போகும். 2017ல சிங்காநல்லூர் குளத்த பல்லுயிர் பாதுகாப்பு எடமா அறிவிச்சாங்க, அந்தக் குளத்துக்கு மேல இருக்கற பள்ளத்தக் கெடுத்துட்டு குளத்த மட்டும் எப்படிக் காப்பாத்துவாங்க?

வருவாய்த்துறை பழைய எப்எம்பி (நெல அளவைப் புத்தகம்) வெச்சு பள்ளத்த அளந்து கல்லு நட்டு, மேவுன எடத்தத் தொறந்துவிட்டு, ரெண்டு கரையையும் சும்மா விட்டாலே போதும்ங்க. என் காட்டுல பள்ளத்தோரம் அரை ஏக்கர நான் உழுகாம விட்டிருக்கேன், போன மழைக்கு தண்ணி வந்து நின்னுச்சு, மறுநாள் காலைல உள்ளான் குருவிக் கூட்டம் எறங்கி சேத்தக் கிளறிட்டு இருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, தடாகம்