வசனத்தின் மறுபாதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் நெருங்க நெருங்க பெங்களூரில் சிவாஜிநகர் முதல் ராமமூர்த்தி நகர் வரை கிறிஸ்தவக் கூட்டங்களுக்கான தமிழ்ச் சுவரொட்டிகள் பெருகுகின்றன: விடுதலைக் கூட்டம், ஜெபித்துக் கொடுக்கும் அபிஷேக எண்ணெய், புத்தாண்டு வாக்குத்தத்தம். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. கள்ளப் போதகம் சபைக்குள் நுழையும் வழியை விசுவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். அது வேதத்தை மறுத்துக்கொண்டு வருவதில்லை. கையில் வசனத்தோடுதான் வருகிறது. பெரும்பாலும் அரை வசனத்தோடு.

அப்போஸ்தலன் பவுல் நிருபம் எழுதிய கலாத்தியா சபைகளில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வந்தவர்கள் இயேசுவை விட்டுவிடச் சொல்லவில்லை. இயேசுவோடு விருத்தசேதனம் என்னும் யூதச் சடங்கும் வேண்டும் என்றார்கள். அந்த ஒரு கூட்டலைத்தான் பவுல் "வேறொரு சுவிசேஷம்" என்றார். வானத்துத் தூதனே வந்து சொன்னாலும் ஏற்க வேண்டாம் என்றார். சுவிசேஷம் இன்னது என்பதையும் 1 கொரிந்தியர் 15-இன் தொடக்கத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். இந்தக் கூட்டங்களின் இரண்டு மணி நேரப் பிரசங்கத்தில் இது எத்தனை முறை காதில் விழுந்தது? சொந்த வீடும் விசாவும் பதவி உயர்வும் மட்டுமே நினைவில் நின்றால் அங்கே கூட்டல் நடந்திருக்கிறது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வரும் ஆண்டுக்கான வசனம் என்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த ஆண்டே எல்லாம் மாறிவிடும் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தில் இருப்பது 70 ஆண்டுகள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் அது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்கவே முடியாது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னவர் ஒருவரும் உண்டு. அவர் பெயர் அனனியா. 28-ஆம் அதிகாரம் அவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று காட்டுகிறது. கேட்பவர்களுக்கு இனிப்பாக இருந்தது யாருடைய செய்தி என்று சொல்லவும் வேண்டுமா? அதே நிருபத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் இருக்கிறது. பிழைக்க வந்து பெங்களூரில் வேரூன்றிய தமிழர்களுக்கு அட்டையில் அச்சிட அதைவிடப் பொருத்தமான வசனம் கிடைக்காது. ஏனோ யாரும் அச்சிடுவதில்லை.

காணிக்கை விஷயத்தில் மல்கியா 3:10. பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தைப் பண்டகசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் இந்த வசனத்தைக் காட்டி, ஓய்வூதியத்தில் வாழும் விதவையிடமும், பலமடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி "விதை" என்னும் காணிக்கை கேட்கிறார்கள். பண்டகசாலை என்பது ஆலயத்தில் தானியமும் எண்ணெயும் சேர்த்துவைத்த அறை. அந்தப் பங்கு கிடைக்காமல், ஆலயப் பணி செய்த லேவியர் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13 சொல்கிறது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போக வேண்டும் என்கிறது உபாகமம் 14. வாங்கிக்கொள்ள வேண்டியவளிடமே கேட்பதற்கு வேதத்தில் இடமில்லை.

உயிருக்கே ஆபத்தானது சுகமளிக்கும் கூட்டங்களில் நடப்பது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் தணிந்து உடம்பு தேறும். அந்த நேரத்தில் மேடையேறிச் சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பக்கூடும். இன்சுலினையே நம்பியிருக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் உயிர் போகச் சில நாட்களே போதும். பிறகு "விசுவாசம் குறைவு" என்று பழி நோயாளியின் மேல் விழுகிறது. பவுலோடு ஊழியம் செய்த துரோப்பீமு மிலேத்துவில் வியாதியாகவே விடப்பட்டார். இன்னொரு உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசத்தைத்தான் சொன்னார். இவர்களுக்கு விசுவாசம் இல்லையா? நோயாளிக்காக ஜெபியுங்கள், எண்ணெயும் பூசுங்கள். யாக்கோபு 5 அதைச் சொல்கிறது. மருந்தை நிறுத்தும்படி அந்த அதிகாரம் சொல்லவில்லை.

தீர்க்கதரிசனத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சொன்ன தேதி, சொன்ன வார்த்தை, சொன்ன கெடு மூன்றையும் எழுதிவைத்து, கெடு முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது உபாகமம் 18. நிறைவேறினாலும் வேறு வழிக்கு இழுத்தால் பின்போகாதே என்கிறது 13-ஆம் அதிகாரம். இந்த இரண்டாவது சோதனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஐந்நூறு பேர் கூடியிருக்கையில் "இங்கே ஒருவருக்கு முதுகுவலி" என்பது வெளிப்பாடு ஆகாது. ஜெப விண்ணப்பப் படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுத்த பெயரை மேடையில் சொல்வதும் அப்படியே. ஆதிச் சபையின் திதகே என்னும் கையேடு, ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்காதே என்று அன்றே ஒரே வரியில் முடித்துவிட்டது.

இன்றைக்கு வேண்டிய ஒரு சிறு எச்சரிக்கை: காணிக்கை அனுப்ப க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் ரகசிய எண்ணைப் போடுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். சபை அல்லது டிரஸ்டின் பெயருக்குப் பதில் தனி ஆளின் பெயர் வந்தால், ரசீது எந்தப் பெயரில் வரும் என்று கேட்டுவிட்டு அனுப்பலாம்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாயத்து, மந்திரம் போன்றவற்றால் நீரிழிவு, வலிப்பு, புற்றுநோய் முதலியவை தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. நோய் தீர்க்கும் என்று அச்சிட்ட எண்ணெய்ப் புட்டியைத் தாயத்திலிருந்து வேறுபடுத்திப் பார்க்க எங்களுக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்ட விளம்பரங்களை ஏற்கும்போது, குறிப்பிட்ட நோயின் பெயரைச் சொல்லிச் சுகம் உறுதி என்று எழுதியிருந்தால் அந்த வரியை நீக்கிய பிறகே வெளியிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.