தூக்குப்பாலம் அசைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்ததிலிருந்து, பழைய தூக்குப்பாலத்தை என்ன செய்வது என்ற பேச்சு மும்பை வரை வந்துவிட்டது. தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் எங்கள் ராமநாதபுரத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். "நம்ம ஊர் அடையாளம், கை வைக்கவே கூடாது" என்பது ஒரு கட்சி. "துருப்பிடித்த இரும்பு, கழற்றி எடைக்குப் போடட்டும்" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. இங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கப்பலுக்கு வழிவிட மேலே எழும்பும் அந்தப் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் கதவு போலக் கீலில் திரும்புகின்றன என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை திரும்புவதில்லை, உருளுகின்றன. ஒவ்வொரு இறக்கையின் பின்பகுதியும், வண்டிச் சக்கரத்தில் கால்வாசியை அறுத்து வைத்தது போல வளைந்திருக்கும். அந்த வளைவு கீழேயிருக்கும் தட்டையான பாதையில் பின்னோக்கி உருளும். அதோடு முன்பக்கம் மேலே எழும்பும். எழும்பிக்கொண்டே பின்னாலும் நகர்ந்துவிடுவதால் கப்பலுக்கு வழி தாராளமாகக் கிடைக்கும். பின்னால் எதிர் எடை இருக்கிறது. அதனால்தான் அத்தனை டன் இரும்பை மோட்டார் இல்லாமல், இரு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றியே தூக்க முடிந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் சிகாகோ பொறியாளர் வில்லியம் ஷெர்சர். அங்கே ஆற்றின் மேல் ரயிலைக் கொண்டுபோக வேண்டும், பக்கத்திலேயே இன்னொரு பாலம் இருந்ததால், பக்கவாட்டில் சுழன்று வழிவிடும் திருப்பு பாலம் வைக்க இடமில்லை. அந்த நெருக்கடியில் பிறந்த யோசனை இது. அந்தச் சிகாகோ பாலம் 1895இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1893இலேயே இறந்துவிட்டார். அவருடைய யோசனை 1914இல் பாம்பனுக்கு வந்து சேர்ந்தது. 1964 புயலில் கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்கள்) கடலோடு போனபோது, பின்னாளில் 'மெட்ரோ மேன்' என்று பெயரெடுத்த, அப்போது இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரனின் குழு 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்து ரயிலை விட்டது. அப்புறம் மீட்டர் கேஜுக்குக் கட்டிய பாலம் 2007இல் அகலப் பாதைக்கும் மாறி, 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. இவ்வளவு உழைத்த இயந்திரம்.

இங்கே மும்பையில் சிஎஸ்எம்டி (பழைய விக்டோரியா டெர்மினஸ்) நிலைய வளாகத்தில் 'சர் லெஸ்லி வில்சன்' என்ற பழைய மின்சார எஞ்சினை வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எஞ்சின் நின்றாலும் எஞ்சின்தான்; சக்கரத்தைப் பார்த்தாலே அது எப்படிப் போயிருக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். ஷெர்சர் இறக்கையை வெட்டிக் கொண்டுவந்து பூங்காவில் நட்டுவைத்தால் என்ன தெரியும்? இரும்புக் குப்பைதான் தெரியும். அது உருண்டால்தான் புரியும்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், மேலே ஓடும் பெல்ட்டால் சுற்றும் பழைய லேத் ஒன்று இருந்தது. காப்பாற்றப் போகிறோம் என்றார்கள். ஒரு நாள் கேஸ் கட்டர் வந்தது. மிஞ்சியது பித்தளைப் பெயர்ப்பலகை. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அதிகாரி அறைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் திருப்தி!

முழுப் பாலத்தையும் அப்படியே கடலில் நிற்க விடுங்கள் என்றும் கேட்க மாட்டேன். பாம்பன் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ரயில் ஓடாத பாலத்துக்கு வருடா வருடம் பெயிண்ட் அடிக்கக் காசு ஒதுக்குவார்கள் என்று நம்ப நான் தயாரில்லை. பழையது இற்று விழுந்தால் பக்கத்திலேயே இருக்கும் புதுப்பாலத்துக்கும் விசைப்படகுகளுக்கும் ஆபத்து.

நான் கேட்பது ஒரே ஒரு இறக்கை. அதுவும் முழுசாகக் கூட வேண்டாம். வளைந்த பகுதி, அது உருளும் பாதை, பல்சக்கரங்கள், கையால் சுற்றும் லீவர் ஆகியவற்றைச் சேர்த்தே கழற்றி, மண்டபம் ஊர்ப் பக்கம் கூரை போட்ட இடத்தில் பொருத்தட்டும். முன்பக்கத்தைக் குறைத்தால் எதிர் எடையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அது கணக்குப் போட்டுச் செய்கிற வேலைதான். பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து சுற்றினால் இறக்கை எழும்ப வேண்டும். கிரீஸ் போட இரண்டு ஆள் போதும். ஆனால் கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் குத்த வேண்டும். கட்டர் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் தூக்கு கர்டர் 17 மீட்டர் மேலே போவதை எல்லோரும் படம் பிடித்துப் போட்டாயிற்று. பழைய பாலத்தில் லீவர் சுற்றியவர்களும், இரவில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெயின்டனன்ஸ் பார்த்தவர்களும் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இன்னும் இருப்பார்கள். எந்தப் பல் முதலில் தேயும், எந்தக் காற்றில் இறக்கை அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் ராமநாதபுரம் நிருபரை அனுப்பி, அவர்கள் சொல்வதை ஒரு முழுப் பக்கம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
ஆன்டாப்ஹில், மும்பை.