தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் செல்லப் பிராணிகள் பகுதியில், இதய நோயால் நுரையீரலில் நீர் கோத்த நாய்க்குத் 'தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள்' என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்பிட்ஸ் மணிக்கு வயது 11. இதய வால்வு தடித்துப்போய் ரத்தம் பின்னால் கசிகிறது. சின்ன ரக நாய்களுக்கு வயதானால் அதிகம் வருவது இதுதான். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரை கொடுத்து வந்தோம். போன சித்திரையில், "குடிக்கிற தண்ணிதானே நெஞ்சுல போய் நிக்குது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, நானும் கிண்ணத்தைத் தூக்கி அலமாரிமேல் வைத்துவிட்டேன். சேலத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் பார்த்தால் குளியலறைத் தரையை நக்கிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் நிற்கவே தள்ளாடினான், ஈறு காய்ந்து விரலில் ஒட்டியது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியாட்டினின் இரண்டும் ஏறியிருந்தன. டாக்டர் நன்றாகத் திட்டினார். அப்புறம் பொறுமையாக விளக்கினார்.

இதயம் சரியாகத் தள்ளாததால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாக வருகிறது. உடம்பில் நீரே வற்றிவிட்டதென்று அது ஏமாந்து ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் வேலையால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உண்டாகி, அது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. ஆல்டோஸ்டீரோனின் வேலை உப்பைப் பிடித்து வைப்பது. உப்பு நின்றால் நீரும் நிற்கும். போதாததற்கு மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் வந்து, சிறுநீரில் போகிற நீரையும் திருப்பிக்கொள்கிறது. 'உப்பை வெளியேற்று' என்று இதயமும் தன் பங்குக்கு ஒரு ஹார்மோனை அனுப்பத்தான் செய்கிறது. நோய் முற்ற முற்ற அதன் பேச்சு எடுபடுவதில்லை.

லாசிக்ஸ் நீரை இறைக்க இறைக்க, சிறுநீரகம் இன்னும் பயந்து ரெனினைக் கூட்டும். அதனால்தான் இந்த ஹார்மோன் சங்கிலியைத் தடுக்கிற எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளையும் கூடவே எழுதுகிறார்கள். இந்த நிலையில் குடிநீரையும் நிறுத்தினால் சிறுநீரகம் கெடாமல் என்ன செய்யும்?

குறைக்க வேண்டியது உப்பை. எங்கள் வீட்டில் குற்றவாளி தட்டுவடை. அம்மாபேட்டையில் சாயங்காலமானால் தட்டுவடை செட் வாங்காத வீடு ஏது? ஆளுக்கொரு துண்டு உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பளம், கருவாட்டுத் தலை வேறு. எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. பேரன்தான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது கிண்ணம் நாள் முழுக்க நிறைந்தே இருக்கிறது. இரவில் மணி அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்கிக் காலண்டரில் குறித்து வைக்கிறேன். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நேற்று 22.

அந்த வரிக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போடுங்கள். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.