அந்தப் பையன் போட்ட லெட்டர்

அன்பு ராஜி,

உன் லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு வேளா வேளைக்கு சொட்டு மருந்து போடறதுலயே நேரம் ஓடிப்போச்சு, கோச்சுக்காதடி. இப்ப பேப்பர்ல சின்ன எழுத்தக்கூட தானே படிக்கிறாங்க.

நீ கேட்டிருந்தியே, ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவ ராத்திரி பூரா முழிச்சிருந்து பாக்க அதுல அப்படி என்னடி இருக்கு, ஆட்டம் பாட்டம் பட்டாசு, அந்தக் காசுல எவ்வளவோ செய்யலாமேன்னு. காசு எனக்கும் உறுத்துதுதான், அதுல உன்னோட சண்டை போட மாட்டேன். ஆனா நான் பாக்கறது ஆட்டத்த இல்ல ராஜி, அணிவகுத்து வர்றவங்கள. 2024 பாரிஸ்ல ஸ்டேடியமே இல்ல, சீன் நதியில 6 கிலோமீட்டர் போட்லயே கூட்டிட்டு வந்தாங்க, மழை வேற கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, ஒரு பயலும் உள்ள போகல, நனைஞ்சுகிட்டே கையாட்டிட்டு வர்றாங்க. வழக்கம்போல முதல்ல கிரீஸ், அடுத்து ஊர விட்டு ஓடி வந்த அகதி வீரர்கள் 37 பேரு. நம்ம கொடிய பேட்மிண்டன் சிந்துவும் நம்ம சென்னை டேபிள் டென்னிஸ் சரத் கமலும் புடிச்சுகிட்டு வந்தாங்க, சரத்துக்கு அப்ப வயசு 42, அஞ்சாவது ஒலிம்பிக்ஸ், அந்த முகத்தப் பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. பூடான்ல இருந்து வந்தது மொத்தமே 3 பேரு. அதுல கின்சாங் லாமோன்னு ஒரு பொண்ணு, கடைசி நாள் பெண்கள் மாரத்தான்ல முதல்ல வந்தவங்க முடிச்சு ஒன்றரை மணி நேரம் கழிச்சு, கடைசி ஆளா ஓடி முடிச்சா, கூட்டம் அவ கூடவே ஓடி கைதட்டி கூட்டிட்டு வந்துச்சு. ஜெயிச்சது நெதர்லாந்து சிஃபான் ஹசன், எத்தியோப்பியாவுல பொறந்து சின்ன வயசுலயே அகதியா போனவங்க. அன்னைக்கு ராத்திரியே நிறைவு விழா மேடையில வச்சு அவங்களுக்கு மெடல் போட்டாங்க, எல்லா நாட்டு வீரர்களும் பாக்க.

தொடக்க விழாவ விட எனக்கு இந்த நிறைவு விழாதான் உசிரு. ஏன்னு நீ தெரிஞ்சுக்கணும்.

1956, மெல்போர்ன். ஹங்கேரியில மக்கள் எழுச்சிய சோவியத் டாங்கிய விட்டு நசுக்கின நேரம், எகிப்துல சூயஸ் கால்வாய்க்காக சண்டை, ஏழு நாடு வரமாட்டோம்னு நின்னுருச்சு. முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹங்கேரிக்கும் சோவியத்துக்கும் வாட்டர் போலோ, அதான் நீச்சல் குளத்துல ஆடற பந்தாட்டம், ஹங்கேரி 4-0 ஜெயிக்கிற மேட்ச்ல அடிதடியாகி ஒரு ஹங்கேரி பையன் கண்ணுக்குக் கீழ கிழிஞ்சு ரத்தத்தோட வெளிய வர்றான். இந்த சமயத்துலதான் ஜான் இயன் விங்னு 17 வயசு பையன், மெல்போர்ன்ல இருந்த சீனக் குடும்பம், தச்சு வேலை கத்துகிட்டிருந்தவன், போட்டி நடத்துறவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டான். நிறைவு விழாவுல நாடு நாடா பிரிஞ்சு வரக்கூடாது, எல்லாரும் ஒரே நாடா கலந்து வரணும், ஒரே டீம் ஆளுங்க ரெண்டு பேருக்கு மேல சேர்ந்து நிக்கக்கூடாது, மார்ச் பண்ண வேணாம், இஷ்டத்துக்கு நடந்து ஜனங்களுக்கு கையாட்டிட்டு போகட்டும்னு எழுதினான். எவ்வளவு யோசிச்சிருக்கான் பாரு, ரெண்டு பேருக்கு மேல கூடாதுன்னு! விழாவுக்கு சில நாள்தான் பாக்கி, கமிட்டி தலைவர் கென்ட் ஹியூஸ் முடியாதுன்னு தூக்கிப் போட்டிருக்கலாம், போடல. டிசம்பர் 8ம் தேதி அப்படியே நடந்துச்சு. அதுவரைக்கும் வீரர்கள் நிறைவு விழாவுல அப்படிக் கலந்து வந்ததே இல்ல, இப்ப வரைக்கும் அதுதான் வழக்கம். அவன் தன் பேர வெளிய சொல்லவேணாம்னு கேட்டுகிட்டான், 30 வருஷம் போல ஆச்சு உலகத்துக்கு அந்தப் பையன் யாருன்னு தெரிய.

இதப் படிச்ச ராத்திரி எனக்கு நம்ம ஸ்போர்ட்ஸ் டே ஞாபகம் வந்துச்சு. நீ ப்ளூ ஹவுஸ் கொடி, நான் ரெட் ஹவுஸ். மார்ச் பாஸ்ட் பிராக்டிஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒருத்தர ஒருத்தர் ஏறெடுத்துப் பாக்கல, கோகோ ஃபைனல்ல நீ என்னத் தொட்டதும் அவுட் இல்லன்னு நான் அழுதேன். சாயங்காலம் கப்பு குடுத்து முடிஞ்சதும் சுண்ணாம்புக் கோடெல்லாம் அழிஞ்சு கெடக்க எல்லா ஹவுஸ் பிள்ளைங்களும் கேட்டு வாசல்ல குச்சி ஐஸ் வண்டிய மொய்ச்சோமே, நீதான் காசு குடுத்த, எனக்கு சேமியா ஐஸ், உனக்கு பால் ஐஸ். அந்த மொத்த நாள்ல எனக்கு நல்லா நிக்கறது அந்த ஐஸ் வண்டி நேரம்தான் ராஜி. நிறைவு விழாவுல எந்தக் கொடிக்காரங்கன்னு தெரியாம தோள்ல கை போட்டு செல்ஃபி எடுத்துகிட்டு வர்ற பசங்களப் பாக்கறப்ப எனக்கு அதுதான் தெரியுது.

அடுத்தது 2028, லாஸ் ஏஞ்சலஸ். அங்க சாயங்காலம்னா நமக்கு விடிஞ்சிருக்கும், தூக்கம் கெடாது. தொடக்க விழாவ நீ பாக்கவேணாம், நிறைவு விழாவுக்கு மட்டும் இங்க வந்துரு, அம்மாவும் உன்ன கேட்டுகிட்டே இருக்காங்க. உன் பொண்ணுக்கு வேலை கெடச்சுதா இல்லையான்னு அடுத்த லெட்டர்ல மறக்காம எழுது.

உன்
கலா